குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ்: பத்து குச்சியும் ஒரு பிடி கேழ்வரகும் போதாதா?

டிசம்பர் முதல் வாரம் வந்ததுமே நாகர்கோவில், தூத்துக்குடி, பாளையங்கோட்டைப் பக்கம் கடைவாசல்களில் நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடும். காகித நட்சத்திரம், பிளாஸ்டிக் நட்சத்திரம், நிறம் மாறி மாறி மின்னும் எல்இடி நட்சத்திரம் என்று வரிசையாக இருக்கும். பக்கத்திலேயே பெட்டியில் அடைத்த ரெடிமேட் குடில், மடக்கி விரிக்கிற பிளாஸ்டிக் மரம், சாண்டா தொப்பி, சாண்டா உடை. ஐந்து வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கடைக்குள் நுழைகிற பெற்றோர் வெளியே வரும்போது பை கனத்திருக்கும், பர்ஸ் இளைத்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஸ்டூல் போட்டு ஏறி எல்லாவற்றையும் மாட்டுவார். அம்மா பெட்டியைப் பிரித்து பொம்மைகளை அடுக்குவார். பிள்ளையிடம் சொல்லப்படுவது ஒன்றே ஒன்றுதான்: "தொடாதே, உடைஞ்சிரும்."

சிக்கல் இந்த 'தொடாதே'யில்தான் ஆரம்பிக்கிறது. பிள்ளைகளுக்காக என்று சொல்லித்தான் இவ்வளவும் வாங்கப்படுகிறது. ஆனால், பிள்ளைகள் அதில் வெறும் பார்வையாளர்கள். சின்ன வயதில் மனசில் ஒட்டுவது இரண்டு விஷயங்கள்: தன் கையால் செய்தது, ஒவ்வொரு வருஷமும் மாறாமல் வந்தது. இந்த இரண்டுக்குமே பெரிய காசு தேவையில்லை. சொல்லப்போனால், காசு கூடக்கூட இந்த இரண்டும் குறைகின்றன. சிறு பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் கிறிஸ்துமஸ் எளிமையாக இருக்க வேண்டும் என்று சொல்வதற்குச் சிக்கனம் மட்டுமே காரணம் இல்லை. எளிமையாக இருந்தால்தான் பிள்ளைகளுக்கு அதில் ஒரு வேலை இருக்கும்.

எங்கிருந்து வந்தன இந்தப் பழக்கங்கள்?

இன்று கடையில் விலை ஒட்டி விற்கப்படும் கிறிஸ்துமஸ் அடையாளங்கள் பலவற்றின் தொடக்கத்தைத் தேடிப் போனால், அவை ஏழ்மையான இடங்களிலும் வகுப்பறைகளிலும் பிறந்தவை என்பது தெரியும்.

குடிலை எடுத்துக்கொள்ளலாம். 1223-ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சியோ என்ற மலைக் கிராமத்தில் அசிசி நகர் பிரான்சிஸ் ஒரு தீவனத் தொட்டியில் வைக்கோலைப் பரப்பி, நிஜமான ஒரு மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடினார். பெத்லகேமில் பிறந்த குழந்தை எத்தனை வசதிக் குறைவோடு வைக்கோல் மேல் கிடந்தது என்பதைக் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. உலகமெங்கும் குடில் வைக்கும் வழக்கம் பரவியதற்கு அந்த இரவு பெரிய காரணம். ஏழ்மையைக் காட்டுவதற்காக வைக்கப்பட்ட குடில்தான் இன்று யார் வீட்டில் பெரிது என்கிற போட்டியாக மாறியிருக்கிறது.

அட்வென்ட் மாலையின் கதையும் இப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் ஒவ்வொன்றாக மெழுகுவர்த்தி ஏற்றுகிற வழக்கம் பல ஆலயங்களில் உண்டு. இதற்கு வடிவம் கொடுத்தவர் யோஹான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற ஜெர்மானியப் போதகர். ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை அவர் நடத்திவந்தார். "கிறிஸ்துமஸ் எப்போ வரும்?" என்று அந்தப் பிள்ளைகள் நச்சரித்துக்கொண்டே இருந்தார்களாம். 1839-இல் அவர் ஒரு மர வளையத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய மெழுகுவர்த்தி நான்கு, இடைப்பட்ட நாள்களுக்குச் சிறிய மெழுகுவர்த்திகள் என்று வைத்து, தினம் ஒன்றாக ஏற்றினார். பிள்ளைகள் தாங்களே நாளை எண்ணிக்கொண்டார்கள்.

ஐரோப்பாவில் புகழ்பெற்ற பல முனை நட்சத்திரம் ஒன்று உண்டு. அது ஜெர்மனியின் நிஸ்கி நகரில் மொராவியத் திருச்சபையார் நடத்திய பள்ளியில், 1830-களில், மாணவர்களுக்கு வடிவியல் சொல்லிக்கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. கணக்கு வகுப்பில் பிறந்த நட்சத்திரம் அது.

மூன்றிலும் பொதுவான ஒன்று இருக்கிறது. கையில் கிடைத்த பொருளை வைத்து, கற்றுக்கொடுப்பதற்காகவோ காத்திருக்கப் பழக்குவதற்காகவோ செய்யப்பட்டவை இவை. அந்த வேலையைத்தான் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

'வருஷத்துக்கு ஒரு நாள்தானே!'

இந்த இடத்தில் வழக்கமாக வரும் பதில் இதுதான்: "பிள்ளை ஆசைப்படுது. வருஷத்துக்கு ஒரு நாள்தானே, வாங்கிக் கொடுத்தா என்ன?"

இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. இன்றைய பெற்றோரில் பலர், ஒரே ஒரு புதுச்சட்டைக்காக வருஷம் முழுக்கக் காத்திருந்தவர்கள். தனக்குக் கிடைக்காதது பிள்ளைக்காவது கிடைக்கட்டும் என்று நினைப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால், இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும்.

முதலாவது, கடன். கிறிஸ்துமஸுக்கு ஒரே வாரத்தில் புத்தாண்டு வருகிறது. அதற்கு இரண்டே வாரத்தில் பொங்கல். புதுத்துணி, பலகாரம், கேக், பரிசு, ஊருக்குப் போகிற பேருந்துக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஒரு மாதச் சம்பளத்தை டிசம்பர் 25-க்குள் விழுங்கிவிடுகிற குடும்பங்கள் நிறைய. மீதியை மாதத் தவணையும் கைமாற்றும் பார்த்துக்கொள்கின்றன. அந்தக் கடனுடைய எரிச்சல் ஜனவரியில் யார் மேல் விழுகிறது என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, அம்மாவின் முதுகு. எளிய மரபுகள் என்ற பெயரிலும் இப்போது பெரிய பட்டியல்கள் சுற்றுகின்றன. டிசம்பர் 1 முதல் 24 வரை தினம் ஒரு கைவேலை, தினம் ஒரு தின்பண்டம், தினம் ஒரு படம். நம் ஊரில் டிசம்பர் இரண்டாவது, மூன்றாவது வாரம் அரையாண்டுத் தேர்வுக் காலம். அலுவலகம் போய்வந்து, பரீட்சைக்குப் படிக்க வைத்து, பலகாரமும் சுட்டு, இந்தப் பட்டியலையும் முடிக்க வேண்டுமென்றால் அது பெண்கள் தலையில் ஏற்றும் இன்னொரு மூட்டை. அதனால் எதைச் செய்தாலும் ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, மொத்தம் மூன்று நான்கைத் தாண்டக் கூடாது, அதில் ஒன்றாவது முழுக்க அப்பா பொறுப்பில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

அப்படித் தேர்ந்தெடுக்கத் தகுந்த சில பழக்கங்களைப் பார்ப்போம். எல்லாவற்றையும் ஒரே வீட்டில் செய்ய வேண்டும் என்பதில்லை.

கதவில் 24 கோடு

சாக்லேட் ஒளித்துவைத்த 'அட்வென்ட் காலண்டர்' இப்போது பெரிய கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. அதனுடைய மூலம் 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய வீடுகளில் இருக்கிறது. கதவில் சாக்பீஸால் 24 கோடு போட்டுவிடுவார்கள். தினமும் ஒரு கோட்டைப் பிள்ளை அழிக்கும். அவ்வளவுதான்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு 'இன்னும் பதினேழு நாள்' என்றால் என்னவென்று புரியாது. பதினேழு கோடு என்றால் புரியும். காலையில் எழுந்ததும் ஓடிப்போய் ஈரத்துணியால் ஒரு கோட்டை அழிப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அண்ணனும் தங்கையும் இருந்தால் ஒற்றைப்படை நாள் ஒருவருக்கு, இரட்டைப்படை நாள் இன்னொருவருக்கு. இதில் சண்டை வராமல் இருக்காது. "இன்னிக்கு என் நாளு!" என்ற அந்தச் சண்டையும் வருஷா வருஷம் வருகிற வழக்கமாகிவிடும்.

முளைவிடும் குடில்

குடிலுக்குள் புல்வெளி வேண்டும் என்பதற்காகக் கேழ்வரகையோ கடுகையோ தட்டில் விதைத்து வளர்க்கிற பழக்கம் பல வீடுகளில் இன்றும் இருக்கிறது. கடையில் விற்கும் பச்சை நிற பிளாஸ்டிக் புல் வந்த பிறகு இது குறைந்துவருகிறது. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கைவிடவே கூடாத ஒன்று இருந்தால் அது இதுதான்.

செய்முறை எளிது. டிசம்பர் 12 அல்லது 13-ஆம் தேதி ஒரு பிடி கேழ்வரகை இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். அடியில் ஓட்டை போட்ட பழைய டப்பாவிலோ தேங்காய்ச் சிரட்டையிலோ இரண்டு விரல் உயரத்துக்கு மண்ணைப் பரப்பி, ஊறிய கேழ்வரகை நெருக்கமாகத் தூவி, மேலே லேசாக மண் போட்டு ஈரத்துணியால் மூடிவைத்தால் போதும். மூன்று நான்கு நாளில் வெள்ளையாக முளை எட்டிப்பார்க்கும். அதன் பிறகு துணியை எடுத்துவிட்டு வெளிச்சம் படுகிற ஜன்னலோரம் வைக்கலாம். தினமும் கையால் தண்ணீர் தெளிப்பது பிள்ளையின் வேலை. கிறிஸ்துமஸ் வரும்போது பச்சைப்பசேல் என்று குட்டி வயல் தயாராக இருக்கும்.

தண்ணீர் அதிகமாக ஊற்றி அழுகிப்போகும் வாய்ப்பும் உண்டு. அதனால் இரண்டு டப்பாவில் போடுவது புத்திசாலித்தனம். ஒன்று அழுகினாலும் "ஏம்மா இது மட்டும் செத்துப்போச்சு?" என்று ஒரு நல்ல கேள்வி கிடைக்கும்.

பிரான்ஸின் தெற்கே புரோவான்ஸ் பகுதியிலும் டிசம்பர் 4-ஆம் தேதி, புனித பார்பரா நாளில், மூன்று தட்டுகளில் கோதுமையை முளைக்க வைத்து கிறிஸ்துமஸ் மேசையில் வைக்கிறார்கள். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து அம்மன் கோயில் திருவிழாக்களின் முளைப்பாரியும் இதே உணர்வில் வருவதுதான். முளைத்து வருவதைப் பார்த்தால் மனிதர்களுக்கு நம்பிக்கை பிறக்கிறது. மதம் எதுவானாலும் இதில் வித்தியாசம் இல்லை.

குடிலில் இன்னொரு சின்ன வழக்கமும் உண்டு. குழந்தை இயேசு பொம்மையை முன்கூட்டியே வைக்காமல், தொட்டிலைக் காலியாகவே விட்டுவிடுவது. யாருக்காவது உதவி செய்த அன்றைக்கு ஒரு வைக்கோல் துரும்பை எடுத்துப் பிள்ளை அந்தத் தொட்டிலில் போடலாம். தம்பிக்குச் செருப்பு மாட்டிவிட்டது, ஆச்சிக்குக் கண்ணாடி எடுத்துக்கொடுத்தது என்று எதுவும் கணக்கில் வரும். 24-ஆம் தேதி இரவு, வீட்டிலேயே சின்னப் பிள்ளை குழந்தை இயேசுவை அந்த வைக்கோல் மேல் படுக்க வைக்கும். ஞானிகள் மூவரின் பொம்மைகளை அன்றே குடிலில் நிறுத்த வேண்டியதில்லை. அலமாரி, டிவி மேசை, ஜன்னல் என்று தினம் கொஞ்சம் நகர்த்தி, ஜனவரி 6-ஆம் தேதி திருக்காட்சித் திருநாளன்று குடிலில் சேர்க்கலாம். டிசம்பர் 26-ஆம் தேதியே 'எல்லாம் முடிஞ்சுபோச்சு' என்று வாடுகிற பிள்ளை முகத்துக்கு இது நல்ல மருந்து.

பத்து குச்சி நட்சத்திரம்

இது அப்பா பொறுப்பில் இருக்கத் தகுந்த வேலை. ஒரே நீளத்தில் பத்து மூங்கில் குச்சி. ஐந்து குச்சியைக் கட்டினால் ஒரு ஐந்துமுனை நட்சத்திரம். இன்னொரு ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஐந்து முனைகளையும் நூலால் கட்ட வேண்டும். பிறகு உள்பக்கம் குச்சிகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களிலும் சாண் நீளத்துக்கும் குறைவான குச்சித் துண்டுகளை முட்டுக்கொடுத்தால் நட்சத்திரம் உப்பிக்கொண்டு நிற்கும். அதன் மேல் வண்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே சூடாகாத எல்இடி பல்பு ஒன்றைத் தொங்கவிட்டால் முடிந்தது.

கட்டுவது பெரியவர்கள் வேலை. மைதா பசை தடவுவதும் காகிதம் ஒட்டுவதும் பிள்ளைகள் வேலை. காகிதம் சுருங்கும், ஒரு மூலை கிழியும், ஒரு முனை கோணலாக நிற்கும். அதைப் பிரித்துவிட்டுப் பெரியவர்கள் 'சரி' செய்யாமல் இருப்பதுதான் இதில் கடினமான பகுதி. பக்கத்து வீட்டு மாடியில் ஆறு நிறத்தில் மின்னுகிற நட்சத்திரம் இருக்கலாம். "எங்க ஸ்டார் நான் ஒட்டினது" என்று சொல்லக்கூடிய பிள்ளை இந்த வீட்டில்தான் இருக்கும். அடுத்த வருஷம் காகிதத்தை மட்டும் மாற்றினால் போதும், கூடு அப்படியே இருக்கும்.

மாவு உருட்டும் கையும் தட்டு சுமக்கும் கையும்

பிளம் கேக்கை பேக்கரியில் வாங்குவதில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஒரு பலகாரமாவது பிள்ளையின் விரல் பட்டதாக இருக்கட்டும். கன்னியாகுமரி மாவட்டத்து முந்திரிக்கொத்து இதற்குத் தோதானது. பெயரில்தான் முந்திரி; உள்ளே இருப்பது வறுத்து அரைத்த பாசிப்பயறும் வெல்லப்பாகும் தேங்காயும் எள்ளும். உருண்டை பிடிப்பதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஒன்று எலுமிச்சை அளவிலும் ஒன்று கோலிக்குண்டு அளவிலும் வரும், பரவாயில்லை. கலகலா செய்கிற வீடுகளில் மாவுத் துண்டை முள்கரண்டி முதுகில் வைத்து உருட்டி வரி விழச் செய்வதும் அவர்களால் முடியும். எண்ணெய்ச் சட்டி பக்கம் மட்டும் வரக் கூடாது.

பலகாரத்தின் பெரிய பாடம் அடுப்படியில் முடிவதில்லை, தெருவில் நடக்கிறது. தீபாவளிக்கு எதிர்வீட்டிலிருந்து அதிரசம் வந்திருக்கும். ரம்ஜானுக்குப் பின்வீட்டிலிருந்து பிரியாணி வந்திருக்கும். கிறிஸ்துமஸுக்கு அந்தத் தட்டுகள் திரும்பப் போகும் முறை. அதைச் சுமந்துகொண்டு போகிற வேலையைப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். கூடவே பெரியவர் ஒருவர் போகலாம். ஆனால் கதவைத் தட்டுவதும், "அத்தை, அம்மா குடுத்துவிட்டாங்க" என்று சொல்வதும் பிள்ளையாக இருக்கட்டும். அந்த வீட்டார் தட்டை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். கொஞ்சம் சர்க்கரையோ ஒரு வாழைப்பழமோ வைத்துத்தான் தருவார்கள். யார் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் தட்டு வெறுமையாகத் திரும்பாது என்பதை ஐந்து வயதிலேயே ஒரு பிள்ளை தெரிந்துகொள்வது, இன்றைய சூழலில் சின்ன விஷயம் இல்லை.

கேரல் ரவுண்ட்ஸும் தூக்கமும்

திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் சென்னையின் பல பகுதிகளிலும் டிசம்பர் இரவுகளில் கேரல் குழுக்கள் வீடு வீடாக வரும். டிரம் அடித்துக்கொண்டு, பாட்டுப் பாடி, முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா ஆடிக்கொண்டே மிட்டாய் கொடுப்பார். பெரிய பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள் பலருக்கு அந்த முகமூடி பயம். "தாத்தாகிட்டே போ, போட்டோ எடுக்கணும்" என்று அழுகிற குழந்தையைத் தள்ளிவிடுவது வேண்டாம். அம்மாவின் தோளில் இருந்தபடியே பார்த்தால் போதும். அடுத்த வருஷம் தானாக இறங்கிப் போகும்.

கத்தோலிக்க ஆலயங்களில் நள்ளிரவுத் திருப்பலி; தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்கள் பலவற்றில் அதிகாலை ஆராதனை. இரண்டுமே சிறு குழந்தைகளின் தூக்க நேரத்தில்தான். அன்று மாலை ஒரு மணிநேரம் தூங்க வைப்பது, புதுத்துணியைக் கடைசி நேரத்தில் போட்டுவிடுவது, ஆலயத்தில் தூங்கிவிட்டால் எழுப்பாமல் விரிப்பில் படுக்க வைப்பது என்று கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் அந்த இரவு திட்டும் அழுகையுமாக முடியாது. பாட்டுச் சத்தத்துக்கு நடுவே அம்மாவின் மடியில் தூங்கிப்போனதும் ஒரு கிறிஸ்துமஸ் நினைவுதான்.

தாத்தா ஏன் எங்க வீட்டுக்கு வரலை?

பரிசு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு தேவை. "நல்ல பிள்ளையா இருந்தா கிறிஸ்துமஸ் தாத்தா கிஃப்ட் குடுப்பார்" என்பது வீடுகளிலும் பள்ளிகளிலும் சாதாரணமாகச் சொல்லப்படுகிறது. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் ஒரு பிள்ளை ரிமோட் காரைப் பற்றிப் பேசும். இன்னொரு பிள்ளை சைக்கிளைப் பற்றிப் பேசும். பக்கத்தில் ஒன்றுமே கிடைக்காத பிள்ளை ஒன்றும் உட்கார்ந்திருக்கும். அப்பாவிடம் காசு இல்லை என்பது அதற்குத் தோன்றாது. 'நான் நல்ல பிள்ளை இல்லை போலிருக்கு' என்றுதான் தோன்றும். ஆறு வயதில் ஒரு பிள்ளை அப்படி நினைக்க நேர்வதைவிடப் பெரிய அநியாயம் ஒரு பண்டிகையில் இருக்க முடியாது.

அதனால் விலை உயர்ந்த பரிசு வாங்கினால் "இது அப்பா அம்மா வாங்கினது" என்று சொல்லிக் கொடுப்பதே நேர்மை. தாத்தாவின் பெயரில் ஒரு மிட்டாயோ ஒரு பென்சிலோ போதும். நல்லவன், கெட்டவன் என்ற கணக்கைப் பரிசோடு முடிச்சுப்போட வேண்டாம்.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலமாகச் சொல்லப்படும் நிக்கோலஸ், இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரத்தில் 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆயர். வரதட்சணை கொடுக்க வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டுக்குள் இரவில் யாருக்கும் தெரியாமல் பொற்காசு போட்டார் என்பது அவரைப் பற்றிய பழங்கதை. கொடுத்தவர் தன் பெயரைச் சொல்லவில்லை என்பதுதான் அந்தக் கதையின் உயிர். பிள்ளைகளை வாங்குகிறவர்களாக மட்டும் வைக்காமல் ரகசியமாகக் கொடுக்கிறவர்களாகவும் ஆக்கலாம். கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் சீட்டுக் குலுக்கி விளையாடும் 'கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட்' விளையாட்டை வீட்டுக்கும் கொண்டுவரலாம். விதி ஒன்றுதான்: எதையும் காசு கொடுத்து வாங்கக் கூடாது. செய்து கொடுக்க வேண்டும், அல்லது உதவ வேண்டும். "என் ஷூவுக்கு யார் பாலிஷ் போட்டது?" என்று அப்பா தெரியாததுபோலக் கேட்கும்போது, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பிள்ளைக்கு அந்த வருஷத்தின் பெரிய பரிசு அதுதான்.

கஷ்டமான வருஷத்தில் எது நிற்கும்?

எளிமையை வலியுறுத்துவதற்கு இன்னொரு முக்கியமான காரணம் உண்டு. எல்லா வருஷமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தென் மாவட்டங்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

2004-இல் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், ஞாயிறு காலையில்தான் சுனாமி வந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல். கன்னியாகுமரியிலிருந்து கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவில்லை. அடுத்த சில வாரங்களில் வந்த கிறிஸ்துமஸை அந்தக் குடும்பங்கள் கண்ணீரோடுதான் கடந்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, அலமாரியும் அரிசியும் நனைந்து கிடந்தன. அதற்கு ஒரே வாரத்தில் கிறிஸ்துமஸ்.

ஊர் முழுக்க வரும் பேரிடர் மட்டும் இல்லை. வேலை போன வருஷம், தாத்தா இறந்த வருஷம், அப்பாவுக்கு வளைகுடாவிலிருந்து லீவு கிடைக்காத வருஷம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று உண்டு. அப்போது பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குத்தான், உலகம் இன்னும் இடத்தில்தான் இருக்கிறது என்று சொல்ல ஏதோ ஒன்று தேவைப்படும். சைக்கிளும் ஐந்தடி மரமும்தான் கிறிஸ்துமஸ் என்று பழகிய பிள்ளைக்கு அந்த வருஷம் கிறிஸ்துமஸே இருக்காது. ஒரு பிடி கேழ்வரகு தூவிப் பழகிய பிள்ளைக்கு இருக்கும். அலங்காரம் வேண்டாம் என்று முடிவெடுத்த துக்க வீட்டில்கூட, காலித் தொட்டிலில் குழந்தையைப் படுக்க வைப்பதை யாரும் தடுக்கமாட்டார்கள். வீடியோ அழைப்பில் அப்பா பார்த்துக்கொண்டிருக்க, "அப்பா, இப்போ வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு வைக்கலாம்.

காசை நம்பி நிற்கும் பழக்கம், அது மிகவும் தேவைப்படுகிற வருஷத்தில்தான் அறுந்துபோகும்.

கொஞ்சம் கவனம்

எளிய ஏற்பாடுகளிலும் சில ஆபத்துகள் உண்டு. மின்னும் பொம்மைகளிலும் இசைக்கும் வாழ்த்து அட்டைகளிலும் இருக்கிற பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணிநேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நான்கைந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு முழு முந்திரி, முழு வேர்க்கடலை கொடுக்கக் கூடாது; மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். காகித நட்சத்திரத்துக்குள்ளும் வைக்கோல் குடிலுக்குள்ளும் மெழுகுவர்த்தி வைக்கக் கூடாது. சீரியல் லைட்டின் ஒயர் பிய்ந்திருந்தால் ஒட்டிச் சமாளிக்காமல் தூக்கிப்போட்டுவிட வேண்டும்.

ஜனவரியில் குடிலைப் பிரிக்கும்போது கேழ்வரகுப் புல் மஞ்சளாகியிருக்கும். தெருவில் ஆடு இருந்தால் அதற்குப் போடலாம். பொம்மைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைக்கிற வேலையையும் பிள்ளையிடமே கொடுக்கலாம். ஒரு ஆட்டுக்குட்டிக்குக் கால் உடைந்திருக்கும், ஒரு ஞானிக்கு ஒட்டகம் காணாமல் போயிருக்கும். புதிதாக வாங்க வேண்டியதில்லை. அடுத்த டிசம்பரில் பெட்டியைத் திறந்ததும் அந்தக் காலுடைந்த ஆட்டைத்தான் பிள்ளை முதலில் தேடும்.